பச்சைக் கட்டம்

டுலூத்தில் அக்டோபர் வந்தால்
ஏரி எழுந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
நவம்பர் வரை ஹீட்டர் கிடையாது, அம்மாவின் சட்டம்.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
தட்டச்சு செய்கிறேன்:
கல்லூரி, துறை, கட்டணம், கடைசித் தேதி.

மூன்று நிறம் வைத்திருக்கிறேன்.
சிவப்பு, கொம்புத்தேன்.
மஞ்சள், எக்கினால் எட்டும்.
பச்சை, கூப்பிட்ட குரலுக்கு வரும்.

மாநிலப் பல்கலைக்கு முதல் நாளே பச்சை பூசினேன்.
நூறு பேர் கேட்டால் எழுபது பேரைச் சேர்க்கிறார்கள்;
என் மதிப்பெண் அந்த எழுபதுக்குள்
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும்.
பிறகுதான் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
கணினித் துறைக்குத் தனித் தேர்வு.
சேர்ந்தபின் துறை மாற உத்தரவாதமில்லை.
வாசல் கதவு அகலம்தான்.
நான் போகவேண்டிய அறைக்கு மட்டும் வேறு பூட்டு.
ஒரு சொடுக்கில் பச்சை சிவப்பானது.

மதிய உணவுக்குப் போய்விட்டு வந்து
இன்னொன்றைத் திறந்தேன்.
மஞ்சள், சந்தேகமே இல்லை.
அம்மாவின் சம்பளச் சீட்டைப் பார்த்து
ஒவ்வொரு எண்ணாய் இட்டேன்.
ஆண்டுக்கு எங்கள் பங்கு என்று ஒரு தொகை வந்தது.
எங்கள் காரை இரண்டு முறை விற்கலாம்.
இடம் தருவார்கள், பணம் தரமாட்டார்கள்:
இதற்கு நான்காவது நிறம் தேடினேன்.
சாம்பல்தான் மிச்சமிருந்தது.

ரோவன் பிரெஸெட்டின் பட்டியல் வேறு மாதிரி.
பீட்ஸா அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டே சொன்னான்:
பதினாலு. எல்லாமே சிவப்பு.
பதினாலு கல் எறிந்தால்
ஒரு மாங்காயாவது விழாதா, எலீ?
எல்லாக் கல்லும் ஒரே உயரத்துக் கிளைக்குடா
என்று நான் சொல்லவில்லை.
அடுப்பு மணி அடித்தது, போய்விட்டேன்.

பதினொன்றாம் வரிசையில்
கண்ணில் படாமலிருக்க நான் தள்ளி வைத்த பெயர் ஒன்று.
வளைகுடாவுக்கு அக்கரையில், சுப்பீரியரில்.
ஊரை விட்டுப் போகத் தெரியாதவர்கள்
போகும் ஊர் என்பது எங்கள் வகுப்பு நகைச்சுவை.
அதற்கு நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை பேருந்தில் போனேன்.
ஈய வாடை. ஒரே ஒரு நீள மேசை.
தெஸ்ஸா என்பவள், இரண்டாம் வருடம்,
பனிக்காலத்தில் நிற்கும் தாதுக் கப்பல்களின்
வயிற்றில் ஊர்ந்து
இரும்பு எங்கே மெலிந்தது என்று சொல்லும்
காந்தக் கால் எந்திரம் செய்துகொண்டிருந்தாள்.
இரண்டாம் வருடமே கையில் தந்துவிடுவார்களா?
தராமல்? வகுப்பில் ஆளே பன்னிரண்டு பேர்.
இதைக் கொஞ்சம் பிடி என்றாள்.
பிடித்தேன். நழுவித் தரையில் விழுந்தது.
அவள் குனிந்து, அட, இந்தத் திருகுதான் லூசா
என்று எனக்கு நன்றி சொன்னாள்.
இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டேன்.

அதற்காகக் கொம்புத்தேன் கசந்துவிடவில்லை.
பாஸ்டன் பக்கத்துப் பெயரை
இன்றும் தூங்குமுன் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.
நான்கு சிவப்பு, ஐந்து மஞ்சள்,
இரண்டு பச்சை, அதில் ஒன்று நிஜப் பச்சை.
கணக்கு ஒப்புகிறது.
வயிறுதான் இன்னும் ஒப்பவில்லை.

டிசம்பர் நடுவில் ரோவனின் முதல் பதில் வந்தது.
இரண்டே வாக்கியம்,
ஒன்று அவன் முயற்சியைப் பாராட்டியது.
வருடத்தின் கடைசி வாரம்,
கடையின் பின்கதவில் பனி தட்டி நின்றான்.
கையில் போன், அதில் மூன்று சதவீதம் உயிர்.
உன் பச்சை எது?

ஒரு நொடி,
பன்னிரண்டு என்ற எண்
என் தொண்டையில் நின்றது.
அவன் கணக்கில் என்னைவிடக் கெட்டி.

ஏழாம் எண் பேருந்து, என்றேன்.
பாலம் தாண்டி முதல் நிறுத்தம்.
தெஸ்ஸாவைக் கேள்.
அவளுக்கு ஆள் குறைவு.