இரண்டு மைல்

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை
ஊர் பாதியாகக் குறையும்.
பட்டமளிப்பு முடிந்த கையோடு
மில் தெருவின் இருபுறமும்
சோபாக்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
யாரோ ஊர்வலம் வரப்போவதுபோல.
மேசை விளக்கு, பாதி ஷாம்பூ,
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டை,
உறை பிரிக்காத ரசாயனப் பாடப்புத்தகம்.

வெர்ன் விடியும் முன்பே லாரியை எடுத்துவிடுவார்.
நகராட்சிக் குப்பை வண்டியை முந்த வேண்டும்.
நகராட்சிக் குப்பை வண்டியை ஓட்டுவதும் அவர்தான்,
ஆனால் அது ஒன்பது மணிக்கு.

எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய நாற்காலி
ஒன்றுகூடக் கிடையாது.
சாப்பாட்டு மேசையின் அடியில்
'கால்குலஸ் ஒழிக' என்று யாரோ கத்தியால் கீறியிருக்கிறார்கள்.
மகள் கொரீன் எழுத்துக்கூட்டிப் படித்த
முதல் வாக்கியம் அது.
கால்குலஸ் யார் என்று கேட்டாள், தரையில் படுத்தபடி.
பாவம், யாரோ, என்றார் வெர்ன்.

எங்களுக்குச் செய்தி என்றால் இவ்வளவுதான்:
கோபுரக் கடிகாரம் மறுபடியும் நாலு பத்தில் நின்றது.
பீட்சாக் கடை அடுப்பில் தீ; ஆளுக்கு ஒன்றுமில்லை, மாவுக்குத்தான்.
காட்டு வாத்து ஒன்று பொருளாதாரத் துறைக்குள் புகுந்து
இரண்டு வகுப்பு இருந்துவிட்டுப் போனது.
வாடகை வீட்டு வாசலில் எத்தனை கார் நிறுத்தலாம் என்று
நகர்மன்றத்தில் பதினோராவது மாதமாகப் பேச்சு.

நான் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் பத்தொன்பது வருடம்.
சூப் என் பொறுப்பு.
அழுதுவிட்டு வந்த பிள்ளை எது என்று
கிண்ணத்தை நீட்டும் விதத்திலேயே தெரிந்துவிடும்.
அவர்களுக்கு ஒரு கரண்டி கூட.

ஊழியர் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.
அந்த ஒரு வரிக்காக
நான்கு மேலாளர்களைப் பொறுத்துக்கொண்டேன்.
கொரீனுக்கு ஆரிகன் போக ஆசை. கடல் இருக்கிறது.
ஒரு ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டோம்,
அதே மேசையில், கால்குலஸின் தலைக்கு மேலே.
கடல் ஜெயிக்கவில்லை.

ஆகஸ்டில்
இரண்டு மைல் தூரத்துக்குப் பெட்டி கட்டினோம்.
மூன்று மாநிலம் தாண்டி வந்த தகப்பன் ஒருவர்
கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டார்.
வெர்ன் பதினோரு மாதப் பேச்சையும்
ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னார்.
அறைக்கு ஒரு சோபா கொண்டுபோயிருந்தோம்.
அறைத்தோழி கைப்பிடியைத் தடவிப் பார்த்து,
பழங்காலத்துப் பொருளா என்றாள்.
ஆமாம் என்றோம்,
மூன்று பேரும் ஒரே மூச்சில்.

திரும்பும் வழி நாலு நிமிடம்.
அழுவதற்குப் போதவில்லை.
வெர்ன் எதுவும் பேசாமல்
ஊரை இன்னொரு சுற்று சுற்றினார்.

செவ்வாய் மதியம்
நாலு புதுத் தோழிகளோடு வரிசையில் வந்தாள்.
எனக்குத்தான் என்னவோ ஆயிற்று.
வலைத்தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
ஊர் பேர் தெரியாத பிள்ளையிடம் கேட்பதுபோல்,
"தக்காளியா, சோளமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
கிண்ணம் கொஞ்சம் தாழ்ந்தது.
"அம்மா, எனக்குச் சோளம் ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?"
ரயிலடித் தானியக் கிடங்குவரை கேட்டிருக்கும்.
வரிசை நின்றது.
"இது எங்க அம்மா. சூப் இவங்கதான்," என்றாள் நாலு பேரிடமும்,
கோபம் இன்னும் அடங்காமல்.

தக்காளி ஊற்றினேன்.
ஒரு கரண்டி கூட.
விளிம்பில் சிந்தியதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால்
அடுத்து நின்ற பையன் சோளம் கேட்டான்.
அவனுக்கும் கண் சிவந்திருந்தது.