ஒன்பது முறை என் வீட்டைக் கடப்பது

எண்பது கிலோமீட்டர். அக்டோபரில், மலைமேல்.
எனக்கு முதல் தடவை.
கால் பழகிவிடும் என்றாள் ஐனோவா.
கால் பழகிவிட்டது.
பழகாதது வேறொன்று,
அதற்கு எந்தக் கடையிலும் ஷூ விற்பதில்லை.

அதனால் இப்படி ஓர் ஏற்பாடு:
தொலோசாவின் ஆற்றோரம் போய்,
மூடிக்கிடக்கும் காகித ஆலையைச் சுற்றி,
கல்லறைத் தோட்டத்து ஏற்றம் ஏறி
திரும்பவும் என் தெரு. ஐந்து கிலோமீட்டர்.
ஒன்பது சுற்று.
ஒன்பது முறையும் என் வாசலை
யார் வீட்டு வாசலோபோலக் கடக்க வேண்டும்.

சாவியை பெட்ரோல் பங்க் இமானோலிடம் கொடுத்தேன்.
"ஒன்பது முடியும்வரை தராதே. கெஞ்சினாலும்."
ரேடியோவில் பந்தாட்டம் கேட்டபடி தலையாட்டினான்.

இரண்டு சுற்றுவரை நான் நல்லவள்.
மூன்றில் சிரிமிரி பிடித்துக்கொண்டது,
மழை என்றும் சொல்ல முடியாத எங்கள் ஊர்த் தூறல்.
குடை விரித்தால் சிரிப்பார்கள்,
விரிக்காவிட்டால் உள்ளாடைவரை ஈரம்.

நான்கில் மனம் பேசத் தொடங்கியது.
கத்தவில்லை. கத்தினால் நான் முறுக்கிக்கொள்வேன்
என்று அதற்குத் தெரியும்.
சனிக்கிழமைச் சந்தையில்
கறுப்பு பீன்ஸ் விற்பவள்போல, நயமாக:
கொடியில் துணி கிடக்கிறதே, நனையுமே.
இடது முழங்கால் ஏதோ சொன்னதே, கேட்டாயா?
நாளை நாலு மணிக்கு பேக்கரி,
மாவு உனக்காகக் காத்திருக்காதே.
எல்லாம் உண்மை. அதுதான் கஷ்டம்.
ஒரு பொய் சொல்லியிருந்தால் துரத்தியிருப்பேன்.

ஐந்தில் என் ஜன்னலில் வெளிச்சம்.
நான் அணைக்க மறந்த விளக்குதான்.
ஆனாலும் உள்ளே யாரோ
எனக்கு சூப் சூடாக்குகிறார்கள் என்று
ஆலைவரை நம்பிக்கொண்டு ஓடினேன்.
நான் தனியாக வாழ்பவள்.

ஆறில் பங்க்கில் நின்றேன்.
"சாவி."
மறுப்பான் என்று நினைத்து
சண்டைக்கு வார்த்தைகள் கோத்து வந்திருந்தேன்.
அவன் இழுப்பறையைத் திறந்து,
"உன் சாவிதானே" என்று மேஜையில் வைத்தான்.
பின்னால் ஒரு லாரிக்காரர் டீசலுக்குக் காசு நீட்டினார்.

வாசல்வரை நடந்தேன்.
துளையில் சாவி. அரைத் திருப்பு.
திறந்தது.
படிக்கட்டில் யாரோ மிளகாய் வறுக்கும் வாசனை,
என் சைக்கிள், என் செருப்பு, காய்ந்த தரை.
எவ்வளவு நேரம் நின்றேனோ.

பூட்டினேன்.
ஏன் என்று ஐனோவா இரண்டுமுறை கேட்டுவிட்டாள்.
திறக்கும் என்று பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்
என்றேன். அவளுக்குப் புரியவில்லை.
எனக்கும் முழுக்க இல்லை.

ஏழு, நினைவில்லை.
எட்டில் கல்லறைத் தோட்டத்து ஏற்றத்தில்
நடந்தேன், கொஞ்சம் அழுதேன்,
கற்களில் இருந்த பெயர்களை வாசித்துக்கொண்டே.
ஒன்பதில் வீட்டைத் தாண்டி
மீன்கடைவரை போய்விட்டேன்,
முடிந்துவிட்டது என்பதே தெரியாமல்.

மூடிய கையில் சாவி சூடாக இருந்தது.
மறுநாள் மாவு பிசைந்தபோது
உள்ளங்கையில் அதன் பல்தடத்தில்
உப்பு ஏறி எரிந்தது.

துணியெல்லாம் நனைந்துதான் கிடந்தது.
அதில் மனம் சொன்னது சரி.