நூற்றுப் பத்து வோல்ட்

முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழைய கதவு நிலைகளுக்கும்
எனாமல் தூக்குச் சட்டிகளுக்கும் நடுவே
கவிழ்ந்து கிடந்தது மின்சட்டி.
முட்டை வடிவம், உள்ளே பீங்கான், கண்ணாடி மூடி.
யார் வீட்டுப் பிள்ளையோ அமெரிக்காவிலிருந்து சுமந்து வந்து
யாரும் சொருகிப் பார்க்காமல் போட்டது.
"இதுவும் ஆன்டிக்கா?"
"வாங்கினா ஆன்டிக், வாங்காட்டி பழைய இரும்பு" என்றார்.
முந்நூற்று எண்பதுக்குப் படிந்தது.

சேவுகன் அடியைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.
நூற்றுப் பத்து வோல்ட்.
நம் வீட்டுச் சுவரில் சொருகினால்
கறி வேகாது, வீடு வேகும்.
வைண்டிங் கடைக்காரனைக் கட்டிக்கொண்டதில்
அவன் எனக்குச் செய்த சீர் இது ஒன்றுதான்:
மூன்று ராத்திரி செம்புக் கம்பி சுற்றி
செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர்.
அது முனகும். சட்டி வாய் திறக்காது.

ஆறரைக்கு நான் ரத்தம் எடுக்கப் போகவேண்டும்.
கல்லல், கோவிலூர், கானாடுகாத்தான் என்று
முதல் பஸ்ஸில் வந்து
வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள்.
அதற்குமுன்
தொடைக்கறி ஒரு கிலோ, எலும்போடு, முழுத்துண்டாக.
கறிக்கடை ஜபருல்லா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டார்:
"வெட்டாம எப்படிக்கா குழம்பு?"
ராத்திரியே உரித்துவைத்த சின்ன வெங்காயம்,
மிளகும் சோம்பும் தட்டியது,
கல்பாசி ஒரு கிள்ளு, மராட்டி மொக்கு ஒன்று.
தண்ணீர் வேண்டாம்.
வெங்காயமே விடும். மூன்று தரம்
ரசமாக்கிக் குடித்த பிறகு கற்றது.

ஒன்பது மணிக்குக் கடைக்குக் கிளம்பும்போது
சேவுகன் திருகைக் குறைத்துவிட்டுப் போவான்.
நான் குழாய்களில் பெயர் ஒட்டுகிற நேரம்
பூட்டிய வீட்டில் எலும்பு தன் பாட்டுக்குக் கழன்றுகொண்டிருக்கும்.

புதன்கிழமை அடியில் உருளைக்கிழங்கு,
வரமிளகாய், முழுப்பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால்.
உப்புக்கண்டம் போட்ட நாள்
எதிர்வீட்டு மெய்யம்மை கிண்ணத்தோடு வந்தாள்.
செவ்வாய் வெள்ளி கறி கிடையாது, சேனைதான்.
புளியை முதலில் ஊற்றினால் கிழங்குக்குப் பிடிவாதம் வந்துவிடும்,
எட்டு மணி நேரமும் வீண்.
மிச்சம் எதுவானாலும் பிய்த்து
மறுநாள் தோசை மேல்.

ஆடியில் அவன்
சீட்டுப் பணம் நாற்பதாயிரத்தைத்
தன் அண்ணனிடம் கொடுத்தான், என்னிடம் சொல்லாமல்.
எட்டு நாள் பேச்சில்லை.
வெங்காயம் மட்டும் உரித்துவைத்திருந்தான்.
சட்டி நடந்தது, திருகு குறைந்தது,
ஓவியா டியூஷன் முடிந்து வந்தாள்,
தட்டுகள் கழுவப்பட்டன.

ஒன்பதாம் நாள் ராத்திரி
முதல் வாய் வைத்தவள் எழுந்து ஓடித் துப்பினாள்.
"யாரு உப்புப் போட்டது?"
"நான்."
"நான்."
ஒரே மூச்சில் இரண்டு குரல்.

நான் அஞ்சரைக்கு.
அவன் ஒன்பதுக்கு. நான் போட்டேனா என்று
கேட்க முடியாததால்.

உருளைக்கிழங்கு மூன்று சீவி உள்ளே தள்ளினேன்.
அது உப்பை இழுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்.
ஓவியா பிஸ்கட் தின்று தூங்கிவிட்டாள்.
டிரான்ஸ்பார்மர் முனகிக்கொண்டிருக்க
அவன் அண்ணனின் மளிகைக் கடன்,
வட்டி, ஜாமீன் கையெழுத்து எல்லாம் சொன்னான்.
நான் சமாதானம் ஆகவில்லை.
கேட்டுக்கொண்டிருந்தேன்.
பத்தே முக்காலுக்குச் சாப்பிட்டோம்.
உருளைக்கிழங்கு வாயில் வைக்க முடியவில்லை,
கறி பரவாயில்லை.

பணம் இன்னும் வரவில்லை.
டிரான்ஸ்பார்மர் தகரத்தில் இப்போது
சாக்பீஸில் ஒரு வரி,
தினமும் அழித்து தினமும் எழுதுவது:
உப்பு போட்டாச்சு.
நேற்று அதன் கீழே
அவன் கையெழுத்தில்:
சரி.