தோள்பட்டையில் காற்று

வயிற்றில் நாலு துளை.
வலிப்பது தோள்.

"உள்ளே ஊதின காற்று மேலே ஏறி நிற்கிறது,
நடந்தால் போகும்" என்கிறாள்
இரவுத் தாதி மெரேயானி.
வெஸ்ட்மீட் மருத்துவமனையின் நீண்ட நடைபாதை,
அதிகாலை மூன்று மணி.
பன்னிரண்டு மீட்டர் பஸ் ஓட்டுகிறவள்
ஒற்றைச் சேலைன் கம்பத்தைத் திருப்பத் தெரியாமல்
சுவரில் இடிக்கிறேன்.

பதினொரு வருடம்.
பிளாக்டவுனிலிருந்து பரமட்டா வரை,
சீருடைப் பட்டிக்குக் கீழே சூட்டு ஒட்டு,
மாதத்தில் ஆறு நாள்.
சிவப்பு விளக்கில் மூச்சை இழுத்துப் பிடித்து
பச்சையில் விட்டேன்.
ஏறினவர்கள் எல்லாரும் கார்டைத் தட்டினார்கள்.
இது மட்டும் தட்டாமல் ஏறி
என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது,
கடைசித் தரிப்பிடத்திலும் இறங்காமல்.

ஸ்கேன் எடுத்தார்கள். நோர்மல்.
இன்னொரு ஸ்கேன். நோர்மல்.
ஒரு டொக்டர் பனடோல் எழுதினார்.
ஒருவர் யோகா எழுதினார்.
ஒருவர் என்னை விட்டுவிட்டு தவரூபனைப் பார்த்து
"ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும்" என்றார்.
பிள்ளை என்ன குளிசையா,
சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை?
காருக்குள் வந்துதான் சிரித்தோம்.
பிறகு அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
நெடுநேரம் காரை எடுக்கவில்லை.

டொக்டர் பெட்ரெஸ்கா வேறு மாதிரிக் கேட்டார்.
எத்தனை நாள் லீவு போட்டாய் என்றல்ல,
எத்தனை நாள் லீவு போடாமல் போனாய் என்று.
எண்ணிப் பார்த்தேன்.
முடியவில்லை.
அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

இன்று காலை ஒரு தாள் தந்தார்.
என் தொப்புள் வழியே போன கமெரா
எடுத்துவந்த படங்கள், கலரில்.
ஈரமாய் மினுங்கும் ரோசாவும் மஞ்சளும்,
அதன்மேல் கருநீலப் பொட்டுகள்:
தாளிக்கும்போது கருகிய கடுகு
சுவரெல்லாம் தெறித்த மாதிரி.
"கருப்பையின் உள்தோல் போன்ற ஒன்று,
தனக்குரியதல்லாத இடத்தில் குடியேறி..."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நிறுத்தினார்.
வேறு சொல் தேடினார்.
"பரவாயில்லை, சொல்லுங்கள்" என்றேன்.

இடது சூலகம் குடலோடு ஒட்டிக் கிடந்ததாம்.
பிரித்தெடுத்தாராம்.
சிறுநீர்க்குழாயின் மேல் படர்ந்திருந்ததை
மேலோட்டமாய்ச் சுட்டுவிடாமல்
ஆழத்தோடு வெட்டி எடுத்தாராம்.
மூன்றரை மணித்தியாலம்,
திரையைப் பார்த்தபடி,
பென்சில் தடிப்பில் கத்திரிக்கோல்.
நாலு துளையில் பெரியது
என் சின்னவிரல் நகம் அளவு.
"திரும்பவும் வரலாம்" என்றார்.
அதை மறைக்காததற்காகவே
அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அம்மா வவுனியாவிலிருந்து வீடியோவில்.
சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.
"நாலு பிளாஸ்டர்தானே?
அப்ப சின்ன ஒபரேஷன்."
ஓம் அம்மா, சின்னது.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்
பழைய கோப்பைத் திறந்தேன்.
நோர்மல், நோர்மல், நோர்மல் என்ற தாள்களுக்கு மேலே
கடுகு தெறித்த என் உள்வயிற்றை வைத்து மூடினேன்.
அழுகை வரவில்லை.
பசித்தது.
முட்டை இரண்டு பொரித்துச் சாப்பிட்டேன்.

ஏழாம் கிழமை மீண்டும் டிப்போ.
அந்த நாளும் அன்றைக்கே வந்தது.
சூட்டு ஒட்டு பைக்குள், உறை கிழிக்காமல்.
ஒவ்வொரு தரிப்பிடத்திலும்
கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டேன்.

வலி வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
செவன் ஹில்ஸ் ஸ்டேஷனில் ஏறியது.
இரண்டு தரிப்பிடம் தள்ளி
மணி அடித்தது.
பின்கதவைத் திறந்தேன்.
மூட முதல்
கொஞ்சம் பொறுத்தேன்.