சிறப்பு அடையாளங்கள்

வூப்பர்டாலில் பாதி வருடம் மழை.
மீதி வருடம், மழை வரும் என்ற பயத்தில் குடை.
ஆற்றுக்கு மேலே வௌவால்போலத் தொங்கி ஓடும் ரயிலில்
மனிதர்கள் இறங்குகிறார்கள்,
குடைகள் இறங்குவதில்லை.

அவை என்னிடம் வரும்.
தொலைந்த பொருள் அலுவலகம், நிலவறை,
ஒரு கணினி, ஒரு கேத்தல்,
திருமதி பிரிங்க்மன், நான்.

படிவத்தில் பொருள், நிறம், நிலையம், திகதி.
கடைசியில், இரண்டு வரி அகலத்தில்,
சிறப்பு அடையாளங்கள்.

மூன்று வருடம் அதில் ஒரே சொல் எழுதினேன்:
இல்லை.

உயிரில்லாததை எல்லாம் அஃறிணை என்று
ஒரே பாயில் படுக்கவைக்கும் மொழிக்காரி நான்.
இங்கே குடை ஆண், மூக்குக்கண்ணாடி பெண்,
புத்தகம் இரண்டுமில்லை.
ஒரு வரி எழுத முன்னர்
ஒவ்வொன்றிடமும் போய்ப் பால் விசாரிக்க வேண்டும்.
இல்லை என்று எழுதினால்
யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நவம்பரில் ஒரு திங்கள்,
மேசையில் முப்பத்தொரு குடைகள்.
நிறம்: கறுப்பு. அடையாளம்: இல்லை.
நிறம்: கறுப்பு. அடையாளம்: இல்லை.
பதினெட்டாவதைச் சும்மா விரித்தேன்.
அது இருமியது.
உண்மையாகத்தான். நெஞ்சில் சளி கட்டிய ஆள்போல
இரண்டு தரம் இருமி, பிறகு விரிந்தது.

விரியும்போது இருமுகிறது
என்று அடித்தேன்.
அழித்தேன்.
சம்பளம் எண்ணுவதற்கா, எழுதுவதற்கா?
மறுபடி அடித்தேன்.
கேத்தல் கொதித்து அடங்கும்வரை இதே வேலை.
கடைசியில், சேமி.

அதன் பிறகு கை நிற்கவில்லை.
பிடியில் பல் தடம், மனிதப் பல்.
மடிப்புக்குள் சோம்பு வாசம்.
ஒரு கம்பிக்கு மட்டும் மற்றக் கம்பிகளோடு கோபம்.
நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியெல்லாம்
யாரோ பிசைந்ததுபோல் தேய்ந்த கைப்பிடி.
(இது கொஞ்சம் அதிகம். அன்று எனக்குக் காய்ச்சல்.)

பிரிங்க்மன் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார்.
"இது படிவம், திருமதி கோமளேஸ்வரன்."
என் பெயரை முழுதாகச் சொன்னால் நிலைமை சரியில்லை.
"கம்பிக்குக் கோபம் வராது.
கோபத்துக்கு எழுத்தும் இதில்லை."
எழுத்தைத் திருத்தினேன்.
கோபத்தை விட்டுவிட்டேன்.

வியாழன் ஒரு தொலைபேசி. ஸ்பீக்கரில் ஆண் குரல்.
குடையாம். கறுப்பாம்.
"சிறப்பு அடையாளம்?"
"இல்லை. சாதாரணக் குடை."
நன்றி சொல்லி வைக்கப் போனவர்,
"வந்து... சிரிக்காதீர்கள்,
திறக்கும்போது அது..."

பிரிங்க்மன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பிறகு ஒலிவாங்கியில் குனிந்து,
"எத்தனை தரம்?" என்று கேட்டார்.

இங்கே நிறுத்தினால் அழகாக இருக்கும்.
ஆனால் நான் எழுதியதிலேயே நல்லது ஒரு கையுறைக்கு:
ஒற்றை, இடது, சாம்பல் நிறம்,
சுட்டுவிரல் இன்னும் எதையோ காட்டிக்கொண்டிருக்கிறது.
அதைத் தேடி எவரும் வரவில்லை.
ஆறு மாதம் முடிந்ததும் குப்பைக்குப் போயிற்று.
பதிவு மட்டும் கணினியில் கிடக்கிறது.
வேலை குறைந்த மத்தியானங்களில் திறந்து வாசிப்பேன்.
நல்ல வரிதான் அது,
கை வராவிட்டாலும்.

நேற்று இரவு கோல்ராபியைத் துருவி
தேசிக்காய் பிழிந்து ஒரு சம்பல்.
அக்காவுக்குப் போன் எடுக்கவில்லை,
காணொளி பார்க்கவில்லை.
உப்புக் கூடிவிட்டது.
இன்றைக்கும் செய்வேன்.

காலை. வெளியே தூறல்.
கூடை நிறைந்து வந்திருக்கிறது.
பொருள்: குடை.
நிறம்: கறுப்பு.
பிரிங்க்மன் தேநீரைக் கலக்காமல் காத்திருக்கிறார்.
நான் குடையைக் காதருகே கொண்டுபோய்
மெதுவாக விசையை அழுத்துகிறேன்.