தையல் கணக்கு

எண்ணூறு பேர் இருக்க வேண்டிய பட்டாளத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அதில் மூவர் ஆஸ்பத்திரியில்,
ஒருவன் கார்டிஃப் சிறையில்,
சமையல்காரனுக்குக் காது கேட்காது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, பிப்ரவரியில்
ரிஜிஸ்டரில் நான் எழுதியது இது.
மறுநாள் லண்டனிலிருந்து தந்தி:
ஜூன் முதல் வாரம், அரண்மனை வாசல் காவல்.
முழு அணி. சிவப்பு உடுப்பு.

கர்னல் இரண்டு முறை படித்தார்.
“பூட்ஸ் எத்தனை ஜோடி இருக்கு, பிரீஸ்?”
ஆள் எத்தனை என்று கேட்கவில்லை.
பூட்ஸ் நிறைய இருந்தது.

ஆட்கள் வந்தார்கள், சில்லறையாக.
கலைக்கப்பட்ட மூன்று பட்டாளங்களின் மிச்சம்.
மூன்று விதத் தொப்பி வில்லை,
மூன்று விதக் கெட்ட வார்த்தை.
வேகநடைக்காரர்கள் நிமிடத்துக்கு
நூற்று நாற்பது அடி வைப்பார்கள்,
நாங்கள் நூற்றிருபது.
முதல் நாள் மைதானத்தில்
முன்வரிசை கிளம்பிப் போய்விட்டது,
பின்வரிசை அதை வழியனுப்பி வைத்தது.
டிரில் சார்ஜென்ட் தாரன்ட் கத்தவில்லை.
பித்தளைப் பூண் போட்ட கோலை மண்ணில் ஊன்றி,
“உங்களையெல்லாம் ஒரே அம்மா பெத்திருந்தா
பாவம் அந்தப் பொம்பளை” என்றார்.
அன்றுதான் முதன்முதலாக
எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு காரியம் செய்தார்கள்.
சிரித்தார்கள்.

ஏப்ரலில் பெட்டிகளைத் திறந்தோம்.
பதினான்காம் வருஷ ஆகஸ்டில்
காக்கி மாட்டிக்கொண்டு கிளம்பிய அவசரத்தில்
ஆணியடித்து மூடியவை.
நாப்தலின் நெடி கண்ணைக் கரித்தது.
கரடித்தோல் தொப்பிகளில் எலிகள்
பேரன் பேத்தி எடுத்திருந்தன.
சிவப்புச் சட்டை மட்டும்
போன வாரம் கழற்றி வைத்த மாதிரி.

கழுத்துப் பட்டியின் உள்பக்கம்
கறுப்பு மையில் எண்ணும் பெயரும்.
விதி இதுதான்: பழைய பெயரை ஒரு கோட்டால் அடி,
கீழே புதியதை எழுது.
ஐந்நூற்று முப்பது சட்டை,
ஐந்நூற்று முப்பது கோடு.
ஸ்கேல் வைத்துத்தான் அடித்தேன்.
கை நடுங்கியதால் இல்லை,
கோணினால் கர்னலுக்குப் பிடிக்காது.

ஏரன் கெத்தினுடைய சட்டைப் பையில்
ஓர் அடகுச் சீட்டு.
கான்செர்டினா ஒன்று, நாலு ஷில்லிங், ஜூலை.
அதில் இரண்டைத்தான் அன்று
என் கடனுக்கென்று கொடுத்தான்.
வாங்காமல் இருந்திருக்கலாம்.

அந்தச் சட்டை இட்ரிஸ் ப்ளெவினுக்குப் போனது.
நிலக்கரிச் சுரங்கத்துப் பையன், பதினெட்டு வயசு,
ரொட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு தின்பவன்.
காற்றில்லாத நாளில் கொடி தொங்குவதுபோல்
அவன்மேல் தொங்கியது.
வாய் நிறைய குண்டூசியோடு தையல்காரர் ஃபைன்கோல்ட்
பக்கத்துக்கு இரண்டு அங்குலம் பிடித்தார்.
“யாருது இது?” என்றான் பையன்.
“உயரமானவன்” என்றேன்.

மே மாதம் முழுக்க மினுக்கல்.
பூட்ஸ் மூக்கில் தேன்மெழுகு, எச்சில், கந்தல்துணி,
மறுபடி எச்சில்.
உயரவாரியாக நிறுத்தியபோது
ஓர் அணியில் ஆள் ஒற்றைப்படை.
பின்வரிசையில், இடமிருந்து இரண்டாவது இடம் காலி.
டிரில் புத்தகத்தில் அதற்கும் விதி உண்டு:
ஆள் நிற்பதாக வைத்து இடம் விட்டு நட.
தாரன்ட் சோதனைக்கு வரும்போது
அந்த வெற்றிடத்தின் முன்னும் ஒரு கணம் நிற்பார்,
பித்தானிலிருந்து பூட்ஸ் வரை பார்ப்பார்.
குறை சொன்னதில்லை.

ஜூனில் மழை.
அரண்மனை வாசலில் அசையாமல் நின்றோம்.
பெல்ட்டில் பூசிய வெள்ளைச் சுண்ணம் கரைந்து
சிவப்பின்மேல் வழிந்தது.
கம்பிவேலி அருகே குடையில்லாத ஒரு பெண்
உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்,
பாதியில் நிறுத்தினாள்,
முதலிலிருந்து தொடங்கினாள்.

செப்டம்பரில் இட்ரிஸ் சட்டையோடு வந்தான்.
மூச்சு முட்டுதாம்.
ஆறு மாத மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு.
ஃபைன்கோல்ட் தன் தையலைத் தானே பிரித்தார்.
பழைய நூல் ஓடிய துளைகள்
வரிசையாக வெளியே வந்தன.
அங்கே நிற்கும் என்று நினைத்தேன்.
“போதாது, இன்னும் அரை அங்குலம்”
என்றார் ஊசியைக் கடித்தபடி.

ரிஜிஸ்டரில் குறித்தேன்:
சிவப்புத் துணி, துண்டு ஒன்று.
அடகுச் சீட்டு என் மேஜை அறையில் இருக்கிறது.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
இன்னும் விதி பார்க்கவில்லை.