தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை

தார்த்தூ நகரில் பிப்ரவரி.
எமயோகி ஆறு உறைந்து வெள்ளைச் சாலையாகிவிட்டது.
இரண்டாம் மாடியில்
குழந்தைகளிடம் சாட்சியம் கேட்கும் அறை:
சீருடை கிடையாது, மேசை கிடையாது,
இரண்டு நாற்காலி, கூரையில் ஒரு கேமரா,
நான்.

புது முறைப்படி
கேள்விக்கு முன்னால் மூன்று நிமிடம்
சும்மா இருக்கவேண்டும்.
உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்.
மூச்சு வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.
இதைக் கற்றுத்தந்த பயிலரங்கில்
நான் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரன்னர். பன்னிரண்டு வயது.
கண்ணை மூடினான், தோள் இறங்கியது.
திறந்தபோது வேன் அறைக்குள் வந்து நின்றது:
நீலம். பின்கதவில் துரு.
சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போனது.
எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்?
"கண்ணுக்குள்ளேயே நிக்குது."

கண்ணாடிக்கு அப்பால் அரசு வழக்கறிஞர்
பேனாவைத் திறந்திருப்பார்.
நான் கேட்டேன்,
அன்று ராத்திரி வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்?
அம்மா கேட்டாராம்:
அந்த நீல வேன்காரன்தானே,
மீன்கடைக்குச் சரக்கு இறக்குகிறவன்?

வருவதை வரவிடு என்றேன். வந்தது.
தெருவிலிருந்து வருகிறாயா,
சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்து வருகிறாயா என்று
மூச்சு யாரையும் நிறுத்திக் கேட்பதில்லை.
மூன்று நிமிட அமைதி
அந்த நீலத்தைத் துடைத்துத் துடைத்துப்
பளபளவென்று ஆக்கிவைத்திருந்தது.
பையன் பொய் சொல்லவில்லை.
அதுதான் சிக்கல்.

பிறகு அவன் தங்கை மிர்தெல், எட்டு வயது.
கல்லை முகர்ந்து பார்த்தாள்.
ஹீட்டர் ரெண்டு தரம் இருமிச்சு என்றாள்.
சரி, வேன்?
"நான் வாயால புகை விட்டு விளையாடிட்டு இருந்தேன்.
புகைக்குப் பின்னால போச்சு."
என்ன நிறம்?
"தெரியாது."
யோசித்துப் பாரேன்.
இதை நான் கேட்டிருக்கக் கூடாது; பதிவில் இருக்கிறது.
"யோசிச்சா வந்துடும்.
ஆனா அது நான் யோசிச்சதா இருக்கும்."

அப்புறம் அவளாகவே:
"மணி அடிச்சுது. சைக்கிள் மணி.
ரெண்டு தடவ.
அதுக்கப்புறம்தான் டம்முனு."
மணியைப் பற்றி அதுவரை
யாரும் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

படிவத்தில் நிறத்துக்கு ஒன்பது கட்டம்.
பழுப்புக்குக்கூட ஒன்று.
தெரியாது என்பதற்கு இல்லை.
ஓரத்தில், பேனா உறையும் குளிரில்,
சின்ன எழுத்தில் எழுதிவைத்தேன்.
வழக்கறிஞர் கேட்டார், இதை வைத்து நான் என்ன செய்ய?

அன்று பாலத்தைக் கடக்கும்போது
மிர்தெலை நினைத்துக்கொண்டே நடந்தேன்.
மடியில் சிவப்புக் கையுறை,
கட்டைவிரலில் பிரிந்த நூல்,
அதை அவள் சுற்றிச் சுற்றி இழுத்தது.
சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன்.

மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தேன்.
வெறுங்கை. கல் மட்டும்.
முழுதும் ஓட்டிப் பார்த்தேன்,
நாற்பத்தோரு நிமிடம்.

சிவப்பு என் மகளுடையதாக இருக்கலாம்.
இருக்கலாம்.